துணி வந்து பன்னிரண்டு நாள் கிடந்தது: யார் மேல் தப்பு?

கேள்வி: திருப்பூரில் மாமனார் தொடங்கிய பனியன் கம்பெனியில் ஐந்து வருடமாக மெர்ச்சண்டைசிங் (ஆர்டரைத் தொடக்கம் முதல் கடைசி வரை பின்தொடர்கிற) பகுதியைப் பார்க்கிறார் இந்த வாசகி. எம்.பி.ஏ. படித்தவர். கணவர் பையர்களை (சரக்கு வாங்கும் நிறுவனத்தாரை) சந்திப்பது, விலை பேசுவது என்று வெளிவேலை. பணம், பில், சாயப்பட்டறை, ஜாப் ஒர்க்காரர்கள் எல்லாம் மாமனார் கையில்.

கடைசியாக அனுப்பிய ஐந்து ஷிப்மென்ட்டில் மூன்று தாமதம். கடைசி ஆர்டரில் 16,000 பீஸுக்கு 5 சதவீதம் தள்ளுபடி கேட்கிறார் பையர். மீதி 8,000 பீஸைக் கம்பெனி செலவிலேயே விமானத்தில் அனுப்ப வேண்டியதாகிவிட்டது. ப்ரொடக்‌ஷன் மேனேஜரை நிறுத்திவிடலாம் என்கிறார் மாமனார். 14 லட்ச ரூபாயில் சாஃப்ட்வேர் வாங்கலாம் என்பது வாசகியின் எண்ணம். சென்னையிலிருந்து அனுபவமுள்ள ப்ராஜெக்ட் மேனேஜரைக் கொண்டுவரலாம் என்கிறார் கணவர். "மூன்றில் எது சரி? பையர் கேட்கும் தள்ளுபடியை மறுக்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா? கலர் அப்ரூவலை அவர்தானே இழுத்தடித்தார்?" என்று கேட்டிருக்கிறார். கூடவே அந்த ஆர்டரின் தேதிகளையும் அனுப்பியிருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தேதிகளை அனுப்பினீர்களே, அது நல்ல காரியம். இப்படிக் கடிதம் எழுதுகிற பலரும் யார் எப்படிப்பட்டவர், யார் பேச்சைக் கேட்பதில்லை என்று நான்கு பக்கம் எழுதுவார்கள். எந்த வேலை என்றைக்கு ஆரம்பித்து என்றைக்கு முடிந்தது என்பது மட்டும் இருக்காது. நீங்கள் அனுப்பியதை வரிசையாகப் பார்ப்போம்.

பிப்ரவரி 3-ல் ஆர்டர் உறுதியாகிறது. குழந்தைகள் டி-ஷர்ட், மூன்று நிறம், நிறத்துக்கு 8,000 வீதம் 24,000 பீஸ். மே 4-ல் சரக்கு கிளம்ப வேண்டும், அதாவது 90 நாள். லேப் டிப் (நிறம் சரியா என்று பார்க்கச் சாயமேற்றிய சின்னத் துணி மாதிரி) பையருக்குப் போனது பிப்ரவரி 17. இரண்டு நிறத்துக்கு 24-ம் தேதி ஓகே வந்தது, நேவி ப்ளூ ரிஜெக்ட். நேவியை நீங்கள் மறுபடி அனுப்பியது மார்ச் 5, ஓகே வந்தது மார்ச் 12. அதற்குள் நூல் வந்து, நிட்டிங் மார்ச் 8-ல் முடிந்து, மறுநாளே கிரே துணி (சாயம் போடாத துணி) சாயப்பட்டறைக்குப் போய்விட்டது. மெஷினில் ஏறியது மார்ச் 27. ஏப்ரல் 4-ல் துணி திரும்பியது. நேவியில் ஷேடு வித்தியாசம், திருப்பி அனுப்பினீர்கள். அது ஏப்ரல் 13-ல் வந்தது. மறுநாள் சித்திரைப் பிறப்பு, லீவு. கட்டிங் ஏப்ரல் 16, தையல் 18 முதல் மே 3 வரை. செக்கிங், அயர்னிங், பேக்கிங் முடிந்தது மே 9, இன்ஸ்பெக்‌ஷன் 11, வண்டி கிளம்பியது 13. ஒன்பது நாள் தாமதம்.

இப்போது மாமா நிறுத்தச் சொல்கிற ப்ரொடக்‌ஷன் மேனேஜர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் திட்டத்தில் தையலுக்கு ஒதுக்கியது 18 நாள். மே தின லீவையும் சேர்த்து அவர் எடுத்துக்கொண்டது 16 நாள். மொத்த ஆர்டரிலும் திட்டத்தைவிடச் சீக்கிரம் முடிந்த வேலை இது ஒன்றுதான்! ஆனால் கடைசிக் கட்ட வேலை அவருடையது. முன்னால் எங்கே நாள் போயிருந்தாலும் அது வந்து இறங்குகிற இடம் தையல் ஃப்ளோர். மே முதல் வாரத்தில் ஃப்ளோரில் நடக்கிற ஓட்டத்தையும் சத்தத்தையும் பார்க்கிறவருக்கு அங்கேதான் கோளாறு என்று தோன்றுவது இயல்பு. பிப்ரவரியில் ஒரு லேப் டிப் மேஜையில் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் கிடக்கிற வேலை சத்தம் போடாது.

அவரை நிறுத்தினால் அடுத்த ஆர்டரும் இதே தேதிக்குத்தான் கிளம்பும். புதிதாக வருகிறவருக்கு உங்கள் லைன் பழக இரண்டு மாதம் ஆகும், அதனால் இன்னும் தள்ளிக்கூடப் போகலாம்.

ஏப்ரல் 4 முதல் 16 வரை

உங்கள் பட்டியலில் நான் அதிக நேரம் பார்த்தது இந்த இடத்தைத்தான். நேவி மட்டும்தான் ஷேடு தப்பியது. மற்ற இரண்டு நிறமும் ஏப்ரல் 4-ம் தேதியே உங்கள் ஸ்டோர்ஸில் இறங்கிவிட்டன. ஒரு பாக்ஸில் ஒரே நிறம்தான் என்று பேக்கிங் விவரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நேவிக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜிஎஸ்எம் (துணியின் எடை), டயா (அகலம்), ஷேடு பார்த்துவிட்டு ஏப்ரல் 6-ம் தேதியே 16,000 பீஸுக்குக் கட்டிங் போட்டிருக்கலாம். அந்த 16,000-மும் ஏப்ரல் கடைசியில் பாக்ஸில் இருந்திருக்கும். மே 4-ல் கப்பலுக்குப் போயிருக்கும், தள்ளுபடி என்ற பேச்சே எழுந்திருக்காது. விமானச் செலவு நேவிக்கு வந்திருக்கலாம், அதுவும் நிச்சயமில்லை.

ஏன் போடவில்லை? நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் குரூப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏப்ரல் 4 மாலை ஸ்டோர்ஸ்காரர் துணி ரோல்களின் போட்டோ போட்டிருக்கிறார். கீழே ஆறு பேர் கட்டை விரலைத் தூக்கியிருக்கிறார்கள், அதில் ஒன்று உங்களுடையது. கட்டிங் போடலாமா என்று யாரும் கேட்கவில்லை, போடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மெர்ச்சண்டைசர் சொல்வார் என்று மேனேஜர் இருந்திருப்பார். துணி வந்துவிட்டது, அவர் பார்த்துக்கொள்வார் என்று மெர்ச்சண்டைசர் இருந்திருப்பார். இரண்டு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு முடிவு இருந்தது, அதை எடுக்க ஆளில்லை.

உங்கள் கம்பெனியில் நாள் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஆர்டர் வாங்கியதிலிருந்து வண்டி ஏறியது வரை 99 நாள். நிட்டிங், சாயம், மறுசாயம், கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் சேர்த்து யாராவது கை வைத்து வேலை செய்த நாள்கள் என் கணக்கில் 40-ஐத் தாண்டவில்லை. மீதி நாளெல்லாம் பொருளோ பேப்பரோ எங்கேயோ அடுத்த ஆளுக்காகக் காத்திருந்தது. அதில் கொஞ்சம் தவிர்க்க முடியாது, நூல் வர நாள் ஆகும், பையருக்கும் நேரம் வேண்டும். ஆனால் 40 நாள் வேலையை 35 ஆக்க ஆட்களை விரட்டுவதைவிட, 59 நாள் காத்திருப்பில் 20-ஐக் குறைப்பது எளிது, செலவும் குறைவு.

சாயப்பட்டறைக்காரரின் பில்

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "டையிங்காரருக்கு நான்கு மாத பில் நிற்கிறது, அது மாமா பார்ப்பது." என்னைக் கேட்டால் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். மார்ச் 9-ல் போன துணி மார்ச் 27 வரை பதினெட்டு நாள் அங்கே கிடந்திருக்கிறது. நேவிக்கு மார்ச் 12-ல்தான் ஓகே வந்தது, சரி. மற்ற இரண்டுக்கும் பிப்ரவரியிலேயே ஓகே வந்துவிட்டதே?

சாயப்பட்டறையில் இடம் கிடைப்பது ஏன் கஷ்டம் என்று மாமாவுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தை அவர் நேரில் பார்த்திருப்பார். கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்பது நிபந்தனை. ஆகவே ஒரு பட்டறை எவ்வளவு சாயம் போட முடியும் என்பதை மெஷின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை, சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. சீசனில் அவசரம் என்று கூடுதலாக ஓட்டிவிட முடியாது. வரிசைதான். நான்கு மாதம் பணம் வராத கம்பெனியின் துணி அந்த வரிசையில் எங்கே நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். "நாளைக்கு ஏத்திடறேங்க" என்றுதான் சொல்வார்.

சட்டமும் இதில் உங்கள் பக்கம் இல்லை. அந்தப் பட்டறை குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு பெற்றிருந்தால், 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. இப்படிக் கெடு தாண்டிய தொகையை உண்மையில் கொடுக்கிற ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம். அந்தப் பில் மார்ச் 31-ஐத் தாண்டி நின்றிருந்தால், கொடுக்காத பணத்துக்கு வரியும் கட்டுகிறீர்கள் என்று பொருள். ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

பில்லை நிறுத்திவைத்ததால் கையில் நின்ற பணம் எவ்வளவு, விமானத்துக்குக் கொடுத்தது எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி மாமாவிடம் காட்டுங்கள். எந்தப் பக்கம் அதிகம் என்று அவருக்கு உடனே தெரியும், அவர் வியாபாரி.

எத்தனை ஆர்டர் ஓடுகிறது?

பன்னிரண்டு ஆர்டர் ஓடுகிறது, மாதம் மூன்று அனுப்புகிறோம் என்கிறீர்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் சீக்கிரம் முடியும் என்று நம்பி, வந்த ஆர்டரை வந்த அன்றே நிட்டிங்குக்கு விடுகிறீர்கள். இங்கே ஒரு எளிய கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. உள்ளே இருக்கும் வேலையை, வெளியேறும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்கு ஆகும் சராசரிக் காலம் கிடைக்கும். பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு மாதம். உங்கள் கணவர் பையரிடம் ஒத்துக்கொள்வதோ 90 நாள்! ஒரு ஆர்டரைத் துரத்தித் துரத்தி 99 நாளில் அனுப்பினால், அதே நேரத்தில் இன்னொன்று 140 நாள் ஆகியிருக்கும். உங்கள் பதிவேட்டில் பாருங்கள், இருக்கும்.

90 நாளில் அனுப்ப வேண்டுமென்றால் உள்ளே ஒன்பது ஆர்டருக்கு மேல் ஓடக்கூடாது. ஒன்று வண்டி ஏறிய பிறகு அடுத்தது உள்ளே வரட்டும். ஆர்டரை மறுக்கச் சொல்லவில்லை. வாங்கி வையுங்கள், லேப் டிப், சைஸ் செட் (ஒவ்வொரு அளவிலும் தைத்துக் காட்டும் மாதிரி) வேலைகளை முடியுங்கள், நூலை மட்டும் நிட்டிங்குக்கு விடாதீர்கள். உங்கள் ஆர்டர்களில் 3,000 பீஸும் இருக்கிறது, 40,000 பீஸும் இருக்கிறது. ஆகவே ஆர்டர் எண்ணிக்கையை வைத்து மேலோட்டமாகப் புரிந்துகொண்டு, கடைசியில் பீஸ் கணக்கிலேயே வரம்பு போடுங்கள்.

நிட்டிங் மெஷின் சும்மா நிற்குமே என்பார்கள். நிற்கட்டும். சாயப்பட்டறை வாரத்துக்கு இவ்வளவு கிலோதான் எடுக்கும் என்னும்போது அதற்கு மேல் நெய்து தள்ளுகிற துணி ஷிப்மென்ட்டை ஒரு நாள்கூட முன்னால் கொண்டுவராது. குடோனில் இடத்தை அடைக்கும், நூல்காரருக்குக் கொடுத்த பணத்தை முடக்கும், அவ்வளவுதான். திட்டத்தைச் சாயப்பட்டறைத் தேதியிலிருந்து போடுங்கள். அங்கே எந்த வாரம் இடம் என்று முதலில் எழுத்தில் வாங்கி, அதிலிருந்து பின்னோக்கி நிட்டிங்கும் லேப் டிப்பும், முன்னோக்கிக் கட்டிங்கும் தையலும் எழுதுங்கள். சாயத்துக்கு எத்தனை நாள் போடுவது என்று அவரிடம் கேட்காதீர்கள், உங்கள் கடைசிப் பத்து டி.சி.களை (துணியோடு போய்வரும் டெலிவரி சலான்களை) எடுத்து உண்மையில் எத்தனை நாள் ஆனது என்று பாருங்கள். "நாலு நாள்ல ஆயிரும்ங்க" என்ற வார்த்தையை நம்பித்தான் உங்கள் டி அண்ட் ஏ (எந்த வேலை எந்தத் தேதிக்கு என்ற அட்டவணை) முழுக்க எழுதப்பட்டிருக்கிறது.

சாஃப்ட்வேரும் சென்னை மேனேஜரும்

சாஃப்ட்வேர் பற்றி. இப்போது வேண்டாம். அது கெட்டது என்பதால் இல்லை. உங்கள் ஆட்கள் இன்றைக்குத் தேதியே எழுதுவதில்லை, இந்த ஒரு ஆர்டரின் தேதிகளைச் சேர்க்கவே உங்களுக்கு ஒரு வாரம் ஆனது என்கிறீர்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? முதல் மூன்று மாதம் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை போதும். ஆர்டருக்கு ஒரு வரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் திட்டத் தேதி, உண்மைத் தேதி, இப்போது அது யார் கையில் என்று ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர் கூடாது, "மெர்ச்சண்டைசிங்" என்று துறையின் பெயரும் கூடாது. துணி வந்து இறங்கினால் அந்தப் பெயருக்குரியவர் 24 மணி நேரத்தில் கட்டிங் போடலாம், அல்லது போடக்கூடாது, இன்ன காரணம் என்று எழுத வேண்டும். கட்டை விரல் பதில் ஆகாது. பலகை மூன்று மாதம் நின்றால் அப்புறம் சாஃப்ட்வேர் வாங்குங்கள், அப்போது எதைக் கேட்டு வாங்குவது என்றும் தெரிந்திருக்கும்.

வாரம் ஒருமுறை பலகை முன்னால் நின்றபடியே இருபது நிமிடம் பேசுங்கள். முடிந்ததைப் பேச வேண்டாம், காத்திருப்பதை மட்டும் பேசுங்கள்: எது நிற்கிறது, யாருக்காக, எப்போது நகரும். பி.பி. மீட்டிங்கில் (உற்பத்தி தொடங்கும் முன் கூடுகிற கூட்டத்தில்) இன்னொன்றும் செய்யலாம். இந்த ஷிப்மென்ட் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, எதனால் ஆகியிருக்கும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லச் சொல்லுங்கள். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் பரவலாக்கிய முறை இது. ஆர்டர் ஆரம்பிக்கும்போதே அபசகுனமாகப் பேசுகிறீர்களே என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. "நேவியில ஷேடு அடிக்கும்ங்க" என்று கட்டிங் மாஸ்டர் அன்றைக்கே சொல்லிவிடுவார். அவருக்கு எப்போதும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

சென்னையிலிருந்து ஆள் கொண்டுவருவதில் எனக்கு விருப்பமில்லை. கட்டிங்கை நிறுத்தவும் தொடங்கவும், சாயப்பட்டறைப் பில்லை விடுவிக்கவும் அவருக்கு அதிகாரம் கொடுப்பீர்களா? கொடுக்கமாட்டீர்கள் என்றால், அந்த வாட்ஸ்அப் குரூப்பில் ஏழாவது கட்டை விரலுக்கு மாதச் சம்பளம் கொடுத்ததாக ஆகும். அந்த அதிகாரத்தை உங்களுக்கே தரச் சொல்லுங்கள்.

மாமா பற்றி

"அவர் பழைய காலத்து ஆள், ப்ராசஸ் என்றால் புரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கம்பெனி சின்னதாக இருந்தபோது அவர் தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து உட்காருவார் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் ப்ராசஸ். எங்கே எது நிற்கிறது என்று அவர் தலையில் இருந்தது, அங்கேயே முடிவும் எடுத்தார். ஆர்டர் பெருகியது, சுற்று நின்றது, அதன் இடத்தில் குரூப் வந்தது. அவரிடம் "உங்கள் முறை தப்பு" என்று போகாதீர்கள். நீங்கள் சுற்றிவந்து பார்த்ததைப் பலகையில் எழுதப்போகிறோம் மாமா, சாயப்பட்டறை வரியை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போங்கள். ஆபீஸில் ஆட்கள் முன்னால் வேண்டாம், வீட்டில் பேசுங்கள். கணவரும் கூட இருக்கட்டும், 90 நாள் என்று ஒத்துக்கொண்டு வருகிறவர் அவர்தான்.

பையர் கேட்கும் தள்ளுபடி

கலர் அப்ரூவலைப் பையர் இழுத்தடித்தார் என்பது தேதிகளில் தெரியவில்லை. ஆர்டர் நிபந்தனையில் அவருக்கு 5 வேலை நாள் இருக்கிறது. இரண்டு முறையும் சரியாக ஏழு நாளில், அதாவது வார விடுமுறை போக 5 வேலை நாளில் பதில் சொல்லியிருக்கிறார். முதல் லேப் டிப் அனுப்ப நீங்கள் எடுத்தது 14 நாள், நேவியைத் திருப்பி அனுப்ப 9 நாள். இந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு அவர் மேல் பழி போட்டுக் கடிதம் எழுதினால், அவர் இதே தேதிகளைத் திருப்பிக் காட்டுவார்.

அதற்காக 5 சதவீதத்தை அப்படியே ஒத்துக்கொள்ளவும் வேண்டாம். ஆர்டரின் பின்பக்க நிபந்தனைகளில் மூன்றைப் பாருங்கள்: தாமதத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று தள்ளுபடி எழுதியிருக்கிறதா, விமானச் செலவு யாருடையது, தகராறு எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது. ஒன்பது நாள் தாமதத்துக்கு அங்கே எழுதியிருப்பதற்கு மேல் கேட்டால் மறுக்கலாம். நேவியை உங்கள் செலவில் ஏற்கெனவே விமானத்தில் அனுப்பியதைச் சொல்லி, மீதிக்குத் தள்ளுபடியைக் குறைக்கக் கேட்கலாம். கூடவே அடுத்த ஆர்டருக்கான புதிய டி அண்ட் ஏ-யையும் அனுப்புங்கள், பேரம் பேச அது உதவும். வக்கீல் ஒருவர் படித்துப் பார்க்கும் வரை டெபிட் நோட்டில் (தள்ளுபடித் தொகையைக் கழித்துக்கொள்ளும் சீட்டில்) கையெழுத்துப் போடாதீர்கள், "ஒத்துக்கொள்கிறோம்" என்று மெயிலும் அனுப்பாதீர்கள். அதே சமயம் பதில் சொல்லாமலும் இருக்காதீர்கள். பரிசீலிக்கிறோம், இன்ன தேதிக்குள் பதில் தருகிறோம் என்று இரண்டு வரி போதும்.

ஒன்று விட்டுப்போனது. மே முதல் வாரத்தில் பேக்கிங் ஆட்கள் நான்கு இரவு தொடர்ந்து வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்பது 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. அவர்களுக்கு அப்படித்தான் கணக்குப் போட்டார்களா என்று சம்பளப் பட்டியலைப் பாருங்கள். இல்லையென்றால் வித்தியாசத்தை இந்த மாதச் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள்.